மாயர் மேசையை மாற்றி அடுக்குங்கள்: வரலாற்று மன்ற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாக இருக்கும் பழைய வடஆர்க்காட்டுப் பள்ளிகளில் வரலாற்று மன்றம் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பள்ளிக் கண்காட்சி என்றால் ஒரு மேசையாவது நடு அமெரிக்காவின் பழைய மாயருக்கு என்று ஆகிவிட்டது. இடப்பக்கம் சிச்சென் இட்ஸாவின் படிப்பிரமிடு, வலப்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில், நடுவில் தெர்மாகோலில் வெட்டிய சமன் குறி. அதன் கீழே ஸ்கெட்ச் பேனாவில் "மாயன் = மயன்". பார்க்க வந்தவர் செல்பி எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார். அந்த மேசையைத் தூக்கிவிடச் சொல்லி இதை எழுதவில்லை. மேசை இருக்கட்டும், அதன் மேல் இருப்பதை மாற்றுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். பெயரையும் தோற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுத்தான் விழும். வேலை நடந்த விதத்தை ஒப்பிட்டால் விஷயமே வேறு. நாளை எப்படி எண்ணினார்கள், கல்லை எப்படி மேலே கொண்டுபோய் மூடினார்கள், செத்தவன் பெயரைக் கல்லில் எப்படி எழுதினார்கள், நிழலை எப்படி அளந்தார்கள்? இவை எல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் கையால் செய்து பார்க்கக் கூடியவை.

பெயரை முதலில் முடித்துவிடுவோம். மாயா என்பது யூகாட்டான் மக்களை ஒட்டி வழங்கிய பெயர். பின்னால் வந்தவர்கள் அதைத் தென் மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் வரை பரவிக் கிடக்கும் ஏறத்தாழ முப்பது மொழிக்காரர்களுக்கும் பொதுப்பெயராக நீட்டிவிட்டார்கள். மயன் நம் புராணத்து அசுரத் தச்சன். அவன் பெயரில் வழங்கும் மயமதம் சமஸ்கிருதத்தில் எழுதிய சிற்பநூல். ஒலி உரசுகிறது, அவ்வளவுதான். உறவுள்ள மொழி எப்படி இருக்கும் என்று காட்ட மெக்சிகோ வரை போக வேண்டாம், காட்பாடி தாண்டிச் சித்தூர் போனால் போதும். நம் ஏழு அங்கே ஏடு, நம் கோழி அங்கே கோடி. ழகரம் இருந்த இடத்தில் டகரம் வரிசையாக வந்து உட்காருகிறது. கன்னடத்தில் பால் ஹாலு, பல் ஹல்லு, பள்ளி ஹள்ளி. இந்த ஒழுங்குதான் உறவுக்குச் சாட்சி. யூகாட்டான் மாயர் ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது இப்படி: ஹுன், கா, ஓஷ், கன், ஹோ, வாக், ஊக், வஷாக், போலோன், லாஹுன். இதில் எந்த ஒலி நம் எந்த ஒலிக்குப் பதிலாக வருகிறது என்று மாணவர்களையே தேட விடுங்கள். அரை மணி நேரத்தில் கையை விரிப்பார்கள். அவர்கள் அடித்துத் திருத்திய அந்தத் தாளையே மேசையில் ஒட்டுங்கள்.

நாள் கணக்குதான் இந்த மேசைக்கு உயிர். மாயரின் நெடுங்கணக்கு நாளை மட்டுமே எண்ணுவது. ஒரு நாள் கின். 20 கின் ஒரு வினால். 18 வினால் ஒரு துன், அதாவது 360 நாள். 20 துன் ஒரு காதுன், 7,200 நாள். 20 காதுன் ஒரு பாக்துன், 1,44,000 நாள். எழுதும்போது பெரியதிலிருந்து சிறியது வரை ஐந்து எண்கள். வினாலிலிருந்து துன்னுக்குப் போகும் இரண்டாவது ஏற்றத்தில் மட்டும் 20 இல்லை, 18. பிள்ளைகள் சறுக்குவது எப்போதும் இங்கேதான். 2,345 என்ற எண்ணைச் சுத்தமான இருபதின் அடுக்கில் எழுதினால் 5.17.5 வரும், நாள் கணக்கில் எழுதினால் 6.9.5 வரும். எந்தக் கணக்கு என்று பலகையின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

நம் பக்கம் இதற்கு நேர் எதிரே வைக்க வேண்டியது கலியுக நாள் எண். கலி தொடங்கியதாகச் சொல்லும் நாள் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. மாயர் நெடுங்கணக்கு தொடங்குவது, அதை நம் தேதியோடு இணைக்க இன்று பெரும்பாலோர் ஏற்கும் பொருத்தத்தின்படி, கி.மு. 3114 ஆகஸ்ட் 11. உடனே "இரண்டும் ஒரே காலம்" என்று ஃப்ளெக்ஸ் அடித்துவிடாதீர்கள். முதலில் கழித்தலைச் சரியாகச் செய்ய வேண்டும். அந்த ஆகஸ்ட் 11 இன்று நாம் புழங்கும் கிரிகோரியன் முறைத் தேதி, இந்தப் பிப்ரவரி 18 அதற்கு முந்தைய ஜூலியன் முறைத் தேதி. அப்படியே கழித்தால் 26 நாள் கூடிவிடும். இரண்டையும் ஜூலியனுக்கு மாற்றினால் செப்டம்பர் 6, பிப்ரவரி 18. கிரிகோரியனுக்கு மாற்றினால் ஆகஸ்ட் 11, ஜனவரி 23. எந்த வழியில் போனாலும் இடைவெளி 4,183 நாள், ஏறக்குறைய பதினொன்றரை ஆண்டு.

அந்தப் பதினொன்றரை ஆண்டை உறவுக்கு ஆதாரமாக நீட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு தொடக்கமும் பின்னோக்கிக் கணக்கிட்டுப் போட்ட தொடக்கங்கள். கலியில் அறுபது அறுபதாண்டுகள் கழிந்தபோது தமக்கு 23 வயது என்கிறார் ஆரியபட்டர். கி.பி. 499-இல் இருந்துகொண்டு, கோள்களின் சராசரி ஓட்டத்தைப் பின்னால் உருட்டி, அவை மேஷத்தின் தலையில் கூடும் நாளைப் பிடிக்கும் கணக்கு அது. மாயர் பக்கமோ, நெடுங்கணக்கு வெட்டிய மிகப் பழைய கல்லே கி.மு. 36-ஐச் சேர்ந்ததுதான். அது கிடைத்த தென் மெக்சிகோவின் சியாபா தே கோர்சோவும் மாயர் ஊர் என்று சொல்லிவிட முடியாத இடம். மாயர் தாழ்நிலத்துத் திக்கால் நகரத்துக் கல் கி.பி. 292. இரண்டு இடத்திலும் தொடக்க நாளுக்கும் முதல் சாட்சிக்கும் நடுவே மூவாயிரம் ஆண்டுப் பள்ளம் கிடக்கிறது. கி.மு. 3100-இல் யாரும் யாருக்கும் கடிதம் போட்டுக்கொள்ளவில்லை.

இதைப் பலகையாக எழுதி வைப்பதைவிட மாணவன் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுவது மேல். வழி எளிது. மாயர் நாளெண்ணில் 4,183-ஐக் கழித்தால் கலி நாள். அதை 7-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 0 வெள்ளி, 1 சனி, 2 ஞாயிறு என்று ஓடி 6 வியாழனில் முடியும். பலேங்கே நகரத்து மன்னன் பாகல் முடிசூடிய நாள் 9.9.2.4.8. பெருக்கிக் கூட்டினால் 12,96,000 + 64,800 + 720 + 80 + 8 = 13,61,608. 4,183 போனால் 13,57,425. ஏழால் வகுத்தால் மீதி 6. ஆக கி.பி. 615 ஜூலையில் பாகல் அரியணை ஏறிய நாள் நம் கணக்கில் வியாழக்கிழமை. மாயரிடம் நம் ஞாயிறு, திங்கள் போன்ற வாரம் கிடையாது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். கணக்கு சரியா என்று சோதிக்க, ஊரெல்லாம் உலகம் அழியும் என்று பேசிய 2012 டிசம்பர் 21-ஐ எடுத்துக்கொள்ளலாம். அது 13.0.0.0.0, அதாவது 18,72,000. கழித்தால் 18,67,817. ஏழால் மிச்சமில்லாமல் வகுபடும், வெள்ளிக்கிழமை. பழைய காலண்டரைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

திருப்பியும் போகலாம். குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரம் செப்பேட்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஆண்டு எண்ணோடு நிற்காமல் கலி நாளையே எழுதி வைத்தான்: 14,49,087. கி.பி. 866. தென்னாட்டு ஆவணங்களில் மாயர் கல்லுக்கு உண்மையிலேயே இணை நிற்கக்கூடியது இப்படிப்பட்ட வரிதான். அதோடு 4,183-ஐக் கூட்டி மாயர் ஏற்றத்தில் பிரித்தால் 10.1.16.15.10. தொடக்க நாளைப் பூச்சியம் என்று எண்ணினால் இந்த விடை, ஒன்று என்று எண்ணினால் கடைசி எண் 9. விவரம் தெரிந்தவர் வந்து இதைக் கேட்பார், மாணவன் தயாராக இருக்கட்டும்.

பூச்சியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "மாயருக்கும் தமிழருக்கும் மட்டுமே பூச்சியம் தெரியும்" என்ற சார்ட் கிழிக்க வேண்டியது. இந்தியாவில் இடமதிப்பும் பூச்சியமும் இருந்தன, உண்மை. ஆனால் நம் கல்வெட்டுத் தமிழ் எண்கள் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறி வைத்து எழுதும் முறை. 2,345 என்பது ௨௲௩௱௪௰௫. இதில் பூச்சியத்துக்கு வேலையே இல்லை. மாயர் ஏடுகளில் பூச்சியத்தின் வடிவம் ஒரு சிப்பி. நம் பக்கம் சிப்பி இனம் வேறு இடத்தில் வருகிறது. 1825-இல் புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கணியர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களை, அதாவது எண்களைச் சொற்களில் பொதிந்த வாய்பாடுகளை, கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் படை அதிகாரியாக இருந்த ஜான் வாரன் பதிந்து வைத்தார். அந்த வாக்கிய முறையின் முதுகெலும்பு 248 நாள். நிலவு பூமியை நெருங்கி விலகும் சுற்று ஒன்பது முடிய ஆகும் நாள் அது. மாயரின் டிரெஸ்டென் ஏட்டில் கிரகண அட்டவணையின் நீளம் 11,960 நாள், 405 திங்கள் (சந்திர மாதம்). வகுத்துப் பாருங்கள், ஒரு திங்களுக்கு 29.5309 நாள் வரும். இன்றைய அளவு 29.5306. அதே 11,960 அவர்களுடைய 260 நாள் சுற்றில் சரியாக 46 முறை. முழு நாள்களை மட்டுமே வைத்துக்கொண்டு வானத்தை மடக்கும் இந்தச் சாமர்த்தியத்தில்தான் இரண்டு கணியரும் கூட்டாளிகள். ஆனால் நம் பஞ்சாங்கம் நாளை உடைக்கவும் தயங்காது. திதி எத்தனை நாழிகைக்கு முடிகிறது என்று எழுதும். மாயர் கல்லில் அரை நாள் என்ற பேச்சே கிடையாது.

20 நாட்பெயரும் 13 எண்ணும் சேர்ந்து ஓடும் அந்த 260 நாள் சுற்றைக் காட்ட இரண்டு அட்டைச் சக்கரம் போதும். 20 பல் உள்ளது 30 செ.மீ. விட்டம், 13 பல் உள்ளது 19.5 செ.மீ. விட்டம். பல்லிடைவெளி ஒன்றாக இருந்தால்தான் கடிக்கும். ஆர்வத்தில் அவர்களுடைய 365 நாள் ஆண்டுக்கும் 365 பல் சக்கரம் வெட்டக் கிளம்ப வேண்டாம். ஒரு செ.மீ.க்கு ஒரு பல் என்றாலே விட்டம் 116 செ.மீ. வரும், அட்டை தொங்கிவிடும். அதற்குப் பதில் இருபது கட்டம் உள்ள 18 தாள்பட்டைகளும் ஐந்து கட்டப் பட்டை ஒன்றும் வையுங்கள். 260 நாள் சுற்றும் 365 நாள் ஆண்டும் மீண்டும் ஒரே இடத்தில் சந்திக்க 18,980 நாள், 52 ஆண்டு. பக்கத்தில் நம் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. வியாழன் ராசி மண்டலத்தை ஐந்து முறை சுற்றும் காலம் அது, சனி இரண்டு முறை. சுற்றுக்குள் சுற்று வைக்கும் புத்தி ஒன்று, எடுத்துக்கொண்ட சக்கரங்கள் வேறு. இன்னொன்று: நடுவில் நாக்கை நீட்டிய முகத்தோடு ஒரு வட்டக்கல் படத்தை "மாயன் காலண்டர்" என்று ஒட்டுகிறார்களே, அது மாயருடையதே அல்ல. 1790-இல் மெக்சிகோ நகரில் தோண்டியெடுத்த ஆஸ்டெக் கல்.

கட்டடத்துக்கு வருவோம். திக்காலின் நான்காம் கோயிலும் தஞ்சை விமானமும் ஏறத்தாழ ஒரே உயரம் என்று போடுவதில் பயனில்லை. ஒன்று உள்ளே கல்லும் மண்ணும் நிரம்பிய மேடு, வெளிப்படி ஏறி உச்சிக்குப் போக வேண்டும். மற்றது உள்ளே கூடு, உச்சிக்கு யாரும் ஏறுவதில்லை. ஒப்பிட வேண்டியது மூடும் வித்தையை. மாயர் உண்மை வளைவு கட்டவில்லை. கல்லை வரிக்கு வரி உள்ளே பிதுக்கி, இரண்டு பக்கமும் நெருங்கியதும் மேலே ஒரு பலகைக்கல்லை வைத்து மூடினார்கள். நம் கோயில் விமானங்களிலும் பிதுக்கி மூடும் முறை உண்டு, சிற்பநூலார் அதைக் கதலிகாகரணம் என்பார்கள்.

செங்கல்லில் செய்து காட்டுங்கள். ஒன்பது அங்குலக் கல்லை நீளவாக்கில் பிதுக்க வேண்டும். பதினெட்டு அங்குல இடைவெளியில் இரண்டு சுவர், வரிக்கு ஒன்றரை அங்குலப் பிதுக்கம். கணக்குப்படி ஆறாவது வரியில் இரண்டும் முட்ட வேண்டும். முட்டாது. ஐந்தாவது வரியில் ஊசல் ஆடும், ஆறாவதை வைத்தால் அத்தனையும் உள்ளே கவிழும். காரணம், ஐந்து வரி ஏறியதும் பிதுங்கிய கற்களின் எடை மையம் சரியாகச் சுவரின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. ஒருமுறை விழவிட்டுத்தான் காட்ட வேண்டும், கீழே பழைய சாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை மூன்றாவது வரியிலிருந்து ஒவ்வொரு கல்லின் வாலிலும் இன்னொரு கல்லைப் பாரமாக ஏற்றினால் நிற்கும். மாயர் அறைகள் ஏன் இவ்வளவு குறுகல், சுவர்கள் ஏன் இவ்வளவு தடிப்பு என்பதற்கு விடை அந்த வால் பாரம்தான். சுண்ணாம்பும் சிறுகல்லும் கலந்து பின்னால் அடைத்தது அதற்காகவே. அந்தச் சுண்ணாம்பில் ஒரு நல்ல ஒற்றுமை இருக்கிறது. ஹோண்டுராஸில் உள்ள கோபான் என்ற மாயர் நகரத்துப் பூச்சில் மரப்பட்டைச் சாறு சேர்த்த தடயத்தை 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைச் சேர்த்தார்கள். இரண்டு சாந்தும் இறுகிய காரணத்தை ஒப்பிடலாம். ஆனால் சுட்ட சுண்ணாம்பைப் பள்ளியில் நீற்ற வேண்டாம், கொதித்துத் தெறித்தால் கண் போகும். நீற்றிப் புளித்ததை வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்துக்கு என்றே எழுதி வைத்தாற்போன்ற ஒப்பீடு ஒன்று இருக்கிறது. எந்த மேசையிலும் அதைக் காணோம். நடுகல். செங்கம் வட்டாரத்தில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன. பலவற்றை ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மாயர் ஊர்களில் முற்றத்தில் நிற்பதும் இதே இனம். நிமிர்த்தி நட்ட கல், மனித உருவம், சுற்றிலும் எழுத்து. இரண்டின் படத்தையும் பெரிதாக அச்சிட்டுப் பக்கத்தில் வைத்து நான்கு கேள்வி கேளுங்கள். யார்? என்றைக்கு? என்ன நடந்தது? யார் எடுத்த கல்?

எடுத்தனூர்க் கல் இதற்கு ஏற்றது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற இளமகன், எருமைகளுக்காக நடந்த சண்டையில் பட்டான். அவன் பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: பெயர் கோவிவன், இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது. மாயர் கற்களில் நிற்பவர்கள் அரசர்கள், அரசியர்கள், அவர்களிடம் பிடிபட்ட எதிரிகள். மாடு மேய்க்கும் ஊரின் வீரனுக்கும் அவன் நாய்க்கும் பெயர் வெட்டிக் கல் நட்டது நம் பக்கத்து வழக்கம். ஆனால் "என்றைக்கு?" என்ற கேள்வியில் அவர்கள் நம்மைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாகல் முடிசூடிய நாளுக்குக் கிழமை கண்டுபிடித்தோம் அல்லவா? கருந்தேவக்கத்தி பட்ட நாளுக்கு முடியாது. கல் சொல்வது "இன்ன அரசனுக்கு இத்தனையாவது" என்று மட்டும். அரசன் எந்த ஆண்டில் பட்டத்துக்கு வந்தான் என்று வேறு சான்றுகளைக் கொண்டு ஊகித்தால்தான் அந்த 34 ஓர் ஆண்டாக மாறும். ஊகம் அசைந்தால் நடுகல்லும் சேர்ந்து அசையும். மகேந்திரன் இராணிப்பேட்டைப் பக்கத்து மகேந்திரவாடியில் தன் பெயரில் ஏரியும் குடைவரையும் எடுத்த காலமும் பாகலின் ஆட்சியும் ஒட்டியவையே. ஒருவனுக்கு நாள் தெரிகிறது, மற்றவனுக்கு ஆண்டே உத்தேசம். இந்த ஒரு வித்தியாசத்தை மாணவன் வாயால் சொல்லிவிட்டால் மேசை வென்றது.

நடுகல்லைப் படம் எடுக்கப் போகும்போது மஞ்சள், சுண்ணக்கட்டி, எண்ணெய் எதையும் எழுத்தின் மேல் தேய்க்க விடாதீர்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானே எழும்பும். மேகமாக இருந்தால் கல்லை ஒட்டினாற்போல டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் போதும். பூசை நடக்கும் கல் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஊர்ப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டுதான் கிட்டே போக வேண்டும். மாயர் கல்லின் படத்தை வைக்கும்போது படிக்கும் வரிசையைக் குறித்துவிடுங்கள். இரண்டிரண்டு பத்திகளாகச் சேர்த்து, இடமிருந்து வலம் இரண்டு, பிறகு கீழே இரண்டு என்று இறங்க வேண்டும். ஒற்றைப் பத்தியாகக் கீழே படித்தால் பாக்துனுக்கு அடுத்துத் துன் வந்து நிற்கும், கணக்கு கெடும்.

எழுத்திலும் ஒரு நேர்த்தியான இடம் உண்டு. மாயர் அசை எழுத்து மெய்யும் உயிரும் சேர்ந்தது. சொல் மெய்யில் முடிந்தால் என்ன செய்வது? கக்காவ் என்ற கொக்கோவை எழுத க, க, வ என்று மூன்று எழுத்து வெட்டுவார்கள், கடைசி அகரத்தைப் படிப்பவர் விழுங்கிக்கொள்ள வேண்டும். நமக்கும் அதே தலைவலி இருந்தது. நாம் தலையில் புள்ளி வைத்துத் தீர்த்தோம். புள்ளி இல்லாத ஓலையையும் கல்லெழுத்தையும் படித்துப் பழகியவருக்கு அந்த விழுங்கல் புதிதல்ல.

உண்மையான தொடர்பு வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் சமையலறையைக் காட்டுங்கள். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, நம் குன்றுகளில் காடாய்க் காய்க்கும் சீத்தாப்பழம் எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, கொலம்பஸுக்குப் பிறகு கப்பலில் வந்தவை. மிளகு தெரிந்த நாக்கு புதிய காரத்துக்கு மிளகாய் என்று பெயர் வைத்தது. கர்நாடகத்தின் 13-ஆம் நூற்றாண்டுச் சோமநாதபுரத்துச் சிற்பத்தின் கையில் இருப்பது மக்காச்சோளம் என்று அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் ஜோஹன்னஸன் வாதிட்டதும், இல்லை அது முத்துக் கோத்த கற்பனைக் கனி என்று மற்றவர்கள் மறுத்ததும் மேல்வகுப்புக்கு நல்ல விவாதப்பொருள். அதைத் தீர்க்கப் படம் போதாது, அந்தக் காலத்து மண்ணடுக்கில் கரிந்த மணி கிடைக்க வேண்டும்.

கடைசியாக, மேசையை விட்டு வெளியே வாருங்கள். மாயரும் நாமும் வெப்ப மண்டலத்துக்காரர்கள், அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நம் இருவருக்கும் நேர் உச்சிக்கு வரும். வேலூரில் அது ஏப்ரல் 24, 25-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 18, 19-ஐ ஒட்டியும். நடுவே சுமார் 115 நாள், மறுபக்கம் 250. கோபான் 14.8 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே ஏப்ரல் 30, ஆகஸ்ட் 13, இடைவெளி 105-உம் 260-உம். மாயரின் 260 நாள் சுற்று இந்த இடைவெளியிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. கருவுற்ற காலத்தை ஒட்டி வந்தது என்பாரும் உண்டு. வேலூர் நிழலை அளந்தால் 260 வராது என்பது மட்டும் உறுதி. அதே வெயில்தான், ஊர் இரண்டு பாகை தள்ளி இருந்தாலே எண் மாறிவிடுகிறது.

இதற்கு ஒல்லிக் குச்சி வேண்டாம். ஒரு மீட்டர்க் குச்சி ஒரு பாகை சாய்ந்தால் நிழல் பதினேழு மில்லிமீட்டர் பொய் சொல்லும். அது மூன்று நாள் சூரிய நகர்வுக்குச் சமம். இரண்டு அங்குலப் பி.வி.சி. குழாய் ஒரு மீட்டர் எடுத்து, வெள்ளைத் தாள் ஒட்டிய சமப் பலகைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி முக்காலியில் கட்டித் தூக்குக்குண்டு விட்டு நிமிர்த்துங்கள். பலகையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உச்சி நாளில், உச்சி நேரத்தில் மட்டும் தாளில் ஒளி முழு வட்டமாக விழும். முன்பின் நாள்களில் அந்த வட்டத்தின் ஓரத்தை நிழல் பிறை போல மறைக்கும். குழாய் வழியாக மேலே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்க்க வேண்டியது தாளை மட்டுமே.

செய்ய ஏற்ற இடம் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீசுவரர் கோயில் பிராகாரத்தில் அரைவட்டமாக எண் வெட்டிய நேரம் காட்டும் கல் இருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் நேரம். வெட்டியிருப்பது மணிக் கணக்கு, நாழிகைக் கணக்கு அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பகல் முப்பது நாழிகை என்று எண்ணியவன் பன்னிரண்டை வெட்டியிருக்க மாட்டான். கல் பன்னிரண்டு காட்டும்போது போனில் பன்னிரண்டு இருக்காது. இந்திய நேரம் 82.5 பாகைக் கோட்டுக்கு உரியது, வேலூர் 79.1-இல் இருக்கிறது, அதனாலேயே பதின்மூன்றரை நிமிடப் பின்னடைவு. ஏப்ரல் கடைசியில் உச்சி 12.11 வாக்கில் வரும், ஆகஸ்ட் நடுவில் 12.17 வாக்கில். ஏப்ரலில் பள்ளி விடுமுறை குறுக்கிடும், ஆகவே ஆகஸ்ட்டைப் பிடியுங்கள். கோயிலில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பதினொன்றரைக்கெல்லாம் குழாயை நிறுத்திவிடுங்கள், கல்தரை கொதிக்கும் என்பதால் பிள்ளைகளுக்கு ஈரச் சாக்கு கொண்டுபோங்கள். மேகம் மூடிவிட்டால் மறுநாளும் அதே நேரம் போகலாம், நிழற்பிறை இன்னும் பெரிதாகியிருக்காது.

இப்படிக்கு,
வடஆர்க்காட்டு வட்டாரத்தில் கல்லெழுத்தும் பஞ்சாங்கக் கணிதமும் பழகுவோர் சிலர்